தமிழ்ப் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பிராம்ஸ் பாடப் பழகுவது எப்படி

34 வருடம் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளில் லிப்ட் பழுது பார்த்தவன் நான். அறிவிப்புப் பலகையில் 'மின்தூக்கி' என்று போட்டிருக்கும். வேலை செய்த எங்களுக்கு அது லிப்ட்தான். ஞாயிற்றுக்கிழமை சபைக் கொயரில் (பாடகர் குழுவில்) பாஸ், அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல். புளோக் உச்சியில் லிப்ட் மோட்டார் அறை இருக்கும், சிமெண்டுச் சுவரும் இரும்புக் கதவுமாக. மோட்டார் ஓடாத நேரத்தில் அங்கே நின்று 'ம்' என்று ஒரு சுரத்தைப் பிடித்தால் அறை முழுக்க ரீங்காரம் நிற்கும். என் குரலுக்கு வாத்தியார் அந்த அறைதான்.

இசைக் கல்லூரிப் பக்கம் நான் போனதில்லை, ஜெர்மனும் தெரியாது. அப்படிப்பட்டவன் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸின் ஓபஸ் 121-ஐ (121-ஆம் எண் படைப்பை)ப் பாட எப்படிப் பழகினான் என்பதைத்தான் எழுதுகிறேன். கொயரில் பாஸோ ஆல்டோவோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறவர்களுக்கு இது உதவும். பைபிள் தெரியும், ஆனால் முன்புபோல 'ஆமென்' சொல்ல வாய் வரவில்லை என்கிறவர்களுக்கும் உதவலாம். இரண்டாவது வகை ஆட்கள் சபைகளில் நிறைய இருக்கிறார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

பாடல் தொகுப்பின் ஜெர்மன் பெயர் 'ஃபியர் எர்ன்ஸ்ட கெஸெங்க'. விளையாட்டில்லாத நான்கு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த குரலுக்கும் பியானோவுக்கும் எழுதியது. 1896 மே மாதம், 63-வது பிறந்தநாளை ஒட்டி முடித்தார். அந்த வசந்த காலத்தில் அவருடைய நெடுநாள் சிநேகிதி கிளாரா ஷூமன் பக்கவாதத்தில் கிடந்தார். மே 20-ஆம் தேதி இறந்தார். மறு வருடம் ஏப்ரல் 3-ஆம் தேதி பிராம்ஸும் போய்விட்டார். எனக்கும் இப்போது 63. என் அக்கா மகள் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, ஓவரா ஒப்பிடாதீங்க" என்றாள். பியானோ வாசிப்பது அவள்தான்.

நோட்டை (இசைக் குறிப்புத் தாளை) வாங்கியதும் பாட ஆரம்பிக்காதீர்கள். நோட்டு ஐஎம்எஸ்எல்பி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அச்சில் வேண்டும் என்றால் பிராஸ் பசா காம்ப்ளெக்சில் இசைக் கடைகளைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் அதை மூடி வைத்துவிட்டு வீட்டிலுள்ள தமிழ்ப் பைபிளை எடுங்கள். முதல் பாட்டு பிரசங்கி 3-ஆம் அதிகாரம், 19 முதல் 22 வரை. இரண்டாவது அதே பிரசங்கி 4-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனம். மூன்றாவது சீராக் 41, முதல் இரண்டு வசனம். நான்காவது 1 கொரிந்தியர் 13. அதிலும் 1 முதல் 3 வரை, பிறகு 12, 13 மட்டும்.

சீராக்கைத் தேடி நான் அரை மணி நேரம் புரட்டினேன். நம் கறுப்பு அட்டைப் பைபிளில் அது கிடையாது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 'சீராக்கின் ஞானம்' என்று இருக்கிறது. கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரிடம் இரவல் வாங்கினேன். "என்னப்பா, மதம் மாறிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். பிராம்ஸுக்கு இந்தச் சிரமம் இல்லை. அவர் கையில் இருந்தது மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் பைபிள்; வேதத்துக்குச் சமமில்லை, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை என்று சொல்லி லூத்தர் அந்த நூல்களை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்திருந்தார்.

இனி ஒரு பென்சில். நான்கு பகுதிகளையும் படித்துக்கொண்டே போங்கள். 'தேவன்', 'கர்த்தர்', 'இயேசு' என்று எங்கே வந்தாலும் வட்டம் போடுங்கள்.

நான் போட்ட வட்டம் பூஜ்யம். மறுபடியும் பார்த்தேன். எங்குமே இல்லை.

இது தற்செயல் இல்லை என்று பிடிபட, வெட்டிய இடங்களைப் பாருங்கள். பிரசங்கி 3-இல் 17-ஆம் வசனம், நீதிமானையும் துன்மார்க்கனையும் தேவன் நியாயந்தீர்ப்பார் என்கிறது. 18-இல் தேவன் மனிதரைச் சோதிக்கிறார். பிராம்ஸ் 19-இல் ஆரம்பிக்கிறார். சீராக்கில் மூன்றாம் வசனம் முதல், மரணத் தீர்ப்புக்கு அஞ்சாதே, இது எல்லா உயிருக்கும் ஆண்டவர் இட்ட கட்டளை என்று ஆறுதல் வரும். அவர் இரண்டோடு நிறுத்துகிறார். கத்தரிக்கோல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாட்டு புரிந்துவிடும். வார்த்தைகள் மட்டும் பைபிளில் இல்லாமல் இருந்தால் இந்தப் பாட்டுகளைப் போலீஸ் தடை செய்திருக்கும் என்று பிராம்ஸே வேடிக்கையாகச் சொன்னாராம்.

பொதுவாக வேத வசனப் பாட்டு எதை எடுத்தாலும் இந்தப் பழக்கம் நல்லது. செக் இசையமைப்பாளர் அந்தோனின் ட்வோர்ஷாக் 1894 மார்ச்சில் நியூயார்க்கில் இருந்துகொண்டு பத்து 'விவிலியப் பாடல்கள்' எழுதினார், செக் மொழிச் சங்கீதங்களுக்கு. அங்கே ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார், இவர் கடலுக்கு இந்தப் பக்கம். ஏழாவது பாட்டு 137-ஆம் சங்கீதம், "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து". ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார். அந்தச் சங்கீதம் எப்படி முடிகிறது என்று பைபிளைத் திறந்து பார்த்தால் ஏன் நிறுத்தினார் என்று கேட்கமாட்டீர்கள். குரல் இன்னும் பழகாதவர்கள் முதலில் ட்வோர்ஷாக்கைப் பாடலாம். அங்கே எவ்வளவு அழுதாலும் யாரிடம் அழுகிறோம் என்று தெரியும். பிராம்ஸிடம் அந்த வசதி கிடையாது. இருவரும் நண்பர்கள்தான். "எப்பேர்ப்பட்ட மனிதர், எப்பேர்ப்பட்ட ஆத்துமா, ஆனால் எதையும் நம்பமாட்டேன் என்கிறாரே" என்ற பொருளில் ட்வோர்ஷாக் பிராம்ஸைப் பற்றி வருத்தப்பட்டதை அவருடைய மருமகன் யோசெஃப் சூக் சொல்லியிருக்கிறார்.

ஒரு சின்ன 'ஓப்'

முதல் பாட்டில் நான் அதிக நாள் நின்ற இடம் பிரசங்கி 3:21. நம் பழைய மொழிபெயர்ப்பு இப்படி: "உயர ஏறும் மனுஷனுடைய ஆவியையும், தாழப் பூமியிலிறங்கும் மிருகங்களுடைய ஆவியையும் அறிகிறவன் யார்?" கவனியுங்கள், மனிதனின் ஆவி ஏறுகிறது என்பதில் இங்கே சந்தேகமே இல்லை. ஏறுகிற ஆவியை அறிகிறவன் யார் என்பதுதான் கேள்வி.

லூத்தரின் ஜெர்மன் வேறு மாதிரி: 'வேர் வைஸ், ஓப் டேர் கைஸ்ட் டெஸ் மென்ஷென் ஔஃப்வெர்ட்ஸ் ஃபாரெ'. அந்த 'ஓப்' என்பதற்குத் தனித் தமிழ்ச் சொல் கிடையாது. வினைச்சொல்லின் வாலில் ஒட்டும் 'ஓ'தான் அது. மனிதனின் ஆவி மேலே ஏறுமோ, யாருக்குத் தெரியும்? ஒரு 'ஓ' வந்ததும் வசனம் ஆடிப்போகிறது. இதில் தவறு யாருடையது என்று சண்டைக்குப் போக வேண்டாம். எபிரெயத்தில் ஒரே ஒரு முன்னொட்டு. அதற்கு இடும் உயிர்க்குறியைப் பொறுத்து 'ஏறுகிற' என்றும் படிக்கலாம், 'ஏறுமா' என்றும் படிக்கலாம். குறியிட்ட யூத அறிஞர்களான மசோரேத்தியர் முதல் வழியில் போனார்கள். கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் இரண்டாவது வழியில். லூத்தரும் அதே வழி.

பாடும்போது இந்த இடத்தில் இரண்டு ஆபத்து. விசுவாசி 'ஓப்'பை விழுங்கிவிட்டு 'ஔஃப்வெர்ட்ஸ்' (மேலே) என்ற சொல்லில் நெஞ்சை நிமிர்த்துவான், ஏனென்றால் மெட்டும் அங்கே ஏறும். நம்பிக்கை விட்டவன் 'ஓப்'பை அழுத்தி நக்கலாக்கிவிடுவான். நான் முதலாவதைச் செய்தேன். வீட்டில் பாடிக் காட்டியபோது அக்கா மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இது கேள்வி மாமா, சாட்சி இல்ல" என்றாள். அவளிடம் பாடச் சொன்னேன். அவள் இரண்டாவதைச் செய்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் 22 வயதில் சபையை விட்டவள்.

வழி இதுதான். அந்த வரியைப் பாடாமல் பேசுங்கள். காப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரர், "இன்னிக்கு மழை வருமோ?" என்று கேட்கிற தொனியில். அவர் அழுத்துவதில்லை, விழுங்குவதும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். அந்தத் தொனி வாயில் பிடிபட்ட பிறகு சுரத்தைப் போடுங்கள். எனக்குப் பதினைந்து நாள் ஆனது. 'ஃபாரன்' (செல்வது) என்ற வினைச்சொல் வழியில் என்னைப் படுத்தியது. ஜெர்மனில் லிப்டுக்கு 'ஃபார்ஷ்டூல்' என்றும் பெயர் உண்டு, ஃபாரன் செய்யும் நாற்காலி. மேலே ஏறுமோ கீழே இறங்குமோ என்று பாடும்போதெல்லாம் எனக்குக் கவுண்டர்வெயிட்தான் கண்ணில் ஓடும். கூண்டு ஏறினால் அது இறங்கும். இரண்டும் ஒரே கம்பிவடத்தில்.

இன்னொரு சொல், 'ஐட்டெல்'. "எல்லாம் மாயையே" என்று நம் பைபிள். சைவ வீட்டில் பிறந்த என் மனைவிக்கு 'மாயை' என்றால் கண்ணை மறைக்கிற திரை, விலக்கினால் உண்மை தெரியும். பிரசங்கி அதைச் சொல்லவில்லை. எபிரெயச் சொல் 'ஹெவெல்', மூச்சு, புகை, குளிர்ந்த கண்ணாடியில் ஊதினால் படிந்து போகிற ஈரம். தமிழில் அதற்கு மிக நெருங்கிய சொல் பக்கத்திலேயே இருக்கிறது: ஆவி. இட்லிப் பானையில் எழும்புவதும் ஆவி, செத்தவனிடமிருந்து போவதும் ஆவி. ஜெர்மன்காரனுக்கு இந்த இரட்டைப் பொருள் கிடைக்காது. 'ஐட்டெல்' பாடும்போது மனதில் 'மாயை'யை வைக்காமல் தே கப்பின் மேலே எழும்பும் ஆவியை வைத்துப் பாருங்கள். குரல் தானாக மெலியும், இழுக்கத் தோன்றாது.

வாய்க்கு வராத எழுத்துகள்

தமிழில் பாடினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் முயன்றேன். முதல் அடி ஜெர்மனில் 10 அசை: 'டென் எஸ் கேஹெட் டேம் மென்ஷென் வீ டேம் ஃபீ'. நம் வசனம் "மனுபுத்திரருக்குச் சம்பவிக்கிறது மிருகங்களுக்கும் சம்பவிக்கும்", எண்ணிப் பார்த்தால் 23 அசை. பத்துப் பேர் ஏறும் லிப்டில் இருபத்து மூன்று பேர். ஜெர்மனிலேயே பாடுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தமிழ் வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். கேட்கிறவர்களுக்கும் அதுதான் நல்லது.

தமிழ் நாக்குக்கு ஜெர்மன் ஒன்றும் எதிரி இல்லை. 'நாஃக்', 'ஔஃக்' என்று தொண்டையில் உரசும் ஒலி நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தது: எஃகு, அஃது. ஆய்த எழுத்தை இப்போது எஃப் ஒலிக்குக் காவல்காரனாக நிறுத்திவிட்டோம், அதன் சொந்த வேலை இது. 'இஷ்' மாதிரிக் கேட்கும் 'இஹ்' வேறு. நாக்கை 'ய்' சொல்லும் இடத்தில் வைத்துக் காற்றை விடுங்கள். உதட்டை 'ஊ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் 'ட்யூர்ஃப்டிகென்' என்ற சொல்லின் முதல் உயிர் கிடைத்துவிடும். நம் பெரிய குற்றம் 'ட'. 'டோட்' என்றால் மரணம். 'பட்டு', 'கட்டு' போல நாக்கை மடித்து அண்ணத்தில் அடித்தால் மரணம் மரக்கட்டை மாதிரி விழும். நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் படட்டும், மடிக்க வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கமகம் வேண்டாம். சுரத்தை நேராக நிறுத்துங்கள். ஆட்டினால் அழகாகத்தான் இருக்கும். அழகு அங்கே தேவைப்படவில்லை.

இரண்டாவது பாட்டு பற்றி அதிகம் சொல்லமாட்டேன். "ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை." தேற்றுவாரில்லை என்பது ஒரே வசனத்தில் இரண்டு முறை வருகிறது, இரண்டாவது முறை குரலைக் கூட்டாதீர்கள். பிறகு, உயிரோடு இருக்கிறவர்களைவிடச் செத்தவர்களே பாக்கியவான்கள், இரண்டு பேரையும்விடப் பிறக்காதவனே பாக்கியவான் என்று போகும். இதை உருக்கமாகப் பாடினால் கெட்டுவிடும், கணக்கு வாசிப்பதுபோலப் பாடுங்கள். எல்லா மாடியிலும் லிப்ட் நிற்க வேண்டும் என்று பழைய புளோக்குகளில் மாற்று வேலை நடந்த வருடங்களில், புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஷாஃப்டில் விழுந்தான். பிழைத்தான், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் தலைக்கவசத்தை யாரும் எடுக்காமல் மூன்று நாள் அப்படியே ஏணிக் கொக்கியில் மாட்டியிருந்தது. நான் அந்தப் பாட்டைப் பாடும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டது அதிலிருந்துதான். உங்களுக்கும் அப்படி ஒரு கொக்கி இருக்கும்.

ப, க, ச, த

மூன்றாவது பாட்டுக்கு வருவோம். சங்கீதம் தெரிந்தவர்கள் ஷட்ஜத்தை மேற்கத்திய 'இ' சுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஓ டோட்' என்பதற்கு ப, க. மறுபடி 'ஓ டோட்', இப்போது ச, கீழே த. சாதாரண காந்தாரம், சுத்த தைவதம். நடபைரவிச் சுரங்கள் என்று சொல்லலாம், ராகம் அது இல்லை என்றாலும். நான்கு சுரமும் இடையில் ஒன்றைத் தாண்டித் தாண்டி இறங்குகின்றன. பழைய புளோக் லிப்ட் அப்படித்தான், எல்லா மாடியிலும் நிற்காது. நடுவே உள்ள சுரங்களில் குரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. கதவு திறக்கிற மாடியில் மட்டும் நில்லுங்கள்.

வார்த்தை என்ன சொல்கிறது? மரணமே, உடைமையும் சுகமும் உள்ளவனுக்கு, கவலையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு, நீ எவ்வளவு கசப்பு. அது ஒரு பாதி. பிறகு மறு பாதி: மரணமே, இல்லாதவனுக்கு, தளர்ந்த கிழவனுக்கு, இனி எதிர்பார்க்க எதுவும் இல்லாதவனுக்கு நீ எவ்வளவு நல்லது செய்கிறாய். அதே 'ஓ டோட்', ஆனால் இப்போது மேஜர். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிடுகிறது. சங்கராபரணத்தின் வெளிச்சம் வந்துவிடுகிறது. மாறுவது அரை சுரம். அந்த அரை சுரத்தைச் சிரித்த முகத்தோடு பாடுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அக்கா. போன வருடம் ஒன்பது மாதம் படுக்கையில் இருந்தாள். மார்ச்சில் போய்ப் பார்த்தபோது, மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் எப்படிப் போவேன் என்று என் கையைப் பிடித்தாள். நவம்பரில் அதே கை. "தம்பி, போதும்டா. ஜெபம் பண்றதுன்னா சீக்கிரம் கூட்டிக்கச் சொல்லி பண்ணு." குரலில் அழுகை இல்லை. மேஜர் அப்படித்தான் இருக்க வேண்டும், வலி நின்ற உடம்பு மூச்சுவிடுகிற மாதிரி.

நினைவு ஆராதனையில் இந்தப் பாட்டைப் பாடலாம் என்று நானும் அக்கா மகளும் முடிவு செய்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பாடல் பொறுப்பில் இருந்த அண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "தம்பி, சீராக் நம்ம பைபிள்லயே இல்லியே" என்றார். சரி, முதல் பாட்டைப் பாடுகிறோம், பிரசங்கி நம் பைபிள்தானே என்றேன். "மிருகத்தைப்பார்க்கிலும் மனுஷன் மேன்மையுள்ளவன் அல்லன்னு துக்க வீட்டுல பாடுவியா?" கடைசியில், பாடுங்கள், ஆனால் முடிந்ததும் உயிர்த்தெழுதலைப் பற்றிய பாமாலை ஒன்றைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள் என்று இறங்கி வந்தார். அக்கா மகள் எழுந்து போய்விட்டாள்.

அப்போது எனக்கும் கோபம்தான். பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. 1867-இல் பிரேமன் தேவாலயத்தின் இசைப் பொறுப்பாளர் ரைன்டாலர் பிராம்ஸுக்கு இதே கவலையோடு கடிதம் எழுதியிருக்கிறார்: உங்கள் 'ஜெர்மன் ரெக்வியம்' (இறந்தோர் நினைவு இசை) நன்றாக இருக்கிறது, ஆனால் கிறிஸ்துவின் மீட்பு எங்கே? பிராம்ஸ் பணிவாக, ஆனால் உறுதியாக, யோவான் 3:16 போன்ற வசனங்களைத் தெரிந்தேதான் விட்டேன் என்று பதில் போட்டார். 'ஜெர்மன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மனித' என்று வைக்கவும் தயார் என்றார். 1868 பெரிய வெள்ளியன்று பிரேமனில் அது அரங்கேறியபோது ஹாண்டெலின் 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' பாட்டைச் சேர்த்தே பாடினார்கள். நம் அண்ணன் 150 வருடப் பாரம்பரியத்தில் வந்தவர்!

எனவே சபையில் பாட நினைக்கிறவர்களுக்கு: வசன எண்ணை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், தமிழ் வசனத்தோடு. மூன்றாவது பாட்டைப் புரோட்டஸ்டன்ட் சபையில் கேட்காதீர்கள், காரணம் சொல்லவே வழியிருக்காது. பாமாலை சேர்க்கச் சொன்னால் அதை உங்கள் பாட்டுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் பதில் ஆகிவிடும். ஒத்துவரவில்லை என்றால் வீட்டில் பாடுங்கள். நாங்கள் அப்படித்தான் பாடினோம், அக்காவின் மூன்றறை வீட்டில், பதினான்கு பேருக்கு முன்னால், சோபாவைச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வாசலில் நின்று கேட்டார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

கேட்டுப் பழக இரண்டு மூன்று பதிவுகள் போதும். ஹான்ஸ் ஹாட்டர் கனமானவர், நடை நிதானம். ஃபிஷர்-டீஸ்காவ் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக் காட்டுவார், உச்சரிப்புக்கு அவர்தான். பெண் குரல்களுக்கு கேத்லீன் ஃபெரியர். பாடகியாகும் முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், 41 வயதில் 1953-இல் இறந்தார். அவர் பியானோவோடு ஜெர்மனில் பாடியதும் இருக்கிறது, வாத்தியக் குழுவோடு ஆங்கிலத்தில் பாடியதும் இருக்கிறது. முதலில் பியானோவைக் கேளுங்கள். பதிவோடு கூடவே பாடிப் பழகாதீர்கள்; இன்னொருவருடைய மூச்சைக் கடன் வாங்கிக்கொண்டால் சொந்த மூச்சு எங்கே தீர்கிறது என்று தெரியாமல் போகும்.

நான்காவது பாட்டுக்கு அவசரப்படக் கூடாது. "நான் மனுஷர் பாஷைகளையும் தூதர் பாஷைகளையும் பேசினாலும், அன்பு எனக்கிராவிட்டால்" என்று கல்யாணங்களில் கேட்டுக் கேட்டு நமக்குத் தேய்ந்துபோன பகுதி. ஆனால் கல்யாணத்தில் வாசிக்கிற "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" பிராம்ஸிடம் இல்லை. 4 முதல் 11 வரை முழுக்க விட்டுவிட்டார். முதல் மூன்று பாட்டுக்கும் இது பதில் என்று பலர் பாடுகிறார்கள், கடைசியில் தேவன் வந்து காப்பாற்றிவிட்டார் என்ற தோரணையில். பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் வட்டம் பூஜ்யம். விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றில் விசுவாசத்தைப் பெரியது என்று பவுலே சொல்லவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் குறைந்தது பத்து விநாடி பேசாமல் இருங்கள். லிப்ட் கதவு திறந்து, யாரும் ஏறாமல், தானாக மூடுகிற நேரம்.

இந்தப் பாட்டின் நடுவே வேகம் அடங்கி பி மேஜருக்குப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்." லூத்தர் 'இருண்ட சொல்லிலே' என்கிறார், நம் 'நிழலாட்டமாய்' அதைவிட அழகு. வீட்டில் பதினான்கு பேருக்கு முன்னால் நாங்கள் மூன்று பாட்டோடு நிறுத்திவிட்டோம், நான்காவதை வாசிக்கமாட்டேன் என்றாள் அக்கா மகள். சில மாதம் கழித்து, நான் தே போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த பி மேஜர் பகுதியை மட்டும் தானாக வாசித்தாள். நம்பாதவள் இதை ஏன் வாசிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நம்புகிறவன் முதல் பாட்டை ஏன் பாடுகிறேன் என்று அவளும் என்னைக் கேட்டதில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குப் பழகுகிறோம். பி மேஜரிலிருந்து இ ஃப்ளாட்டுக்குத் திரும்பும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்கிறேனாம். அந்த நான்கு வரியின் மேல் அவள் சிவப்புப் பேனாவில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்: 'மாமா, வெயிட்.'